பழைய மோட்டார் வண்டியில் தீராத நீர்க்கசிவு

பெங்களூரின் காக்ஸ் டவுனில், வெயில் ஏறுமுன் வீதிகளில் நடந்து செல்பவர் இக்காட்சியைக் காணக்கூடும். வீட்டு வாசலில் நிற்கும் பழைய மோட்டார் வண்டியின் முன்பகுதிக்குக் கீழே இரவில் விரித்துவைத்த செய்தித்தாள் கிடக்கிறது. அதன்மேல் உள்ளங்கையளவு ஈரம் படர்ந்திருக்கிறது. வண்டிக்குரியவர் பானெட்டைத் திறந்து, ரேடியேட்டரில் ஒரு செம்பு நீரை ஊற்றிவிட்டுப் புறப்பட்டுச் செல்கிறார். நாளைக் காலையிலும் இதுவே நிகழும். இந்த ஒரு செம்பு நீரே இக்கட்டுரையின் பொருளாகும்.

அவ்வண்டிக்கு இருபது வயது என்றும், அதற்குரியவர் ஓய்வு பெற்ற பள்ளியாசிரியர் என்றும் வைத்துக்கொள்வோம். சனவரி மாதத்தில் ரேடியேட்டரின் மேல் ரப்பர்க் குழாய் வெடித்தது. புதிய குழாய் பொருத்தப்பட்டது. மார்ச்சில் நீர்ப் பம்ப் ஒழுகியது, அதுவும் மாற்றப்பட்டது. மே மாதத்தில் ரேடியேட்டரின் இரு குழல்கள் விரிந்தன. பட்டறையில் பற்றுவைத்து அடைத்துக் கொடுத்தனர். ஒவ்வொரு முறையும் கசிவு நின்றது. ஒவ்வொரு முறையும் சில வாரங்களில் வேறோர் இடத்தில் தொடங்கியது. மூன்று பட்டறைக்காரர்களும் தம்மை ஏமாற்றிவிட்டனர் என்று ஆசிரியர் எண்ணக்கூடும். இது கற்பனை வண்டியேயாயினும், இத்தகைய வண்டிகள் நாடெங்கும் உள்ளன. அம்பாசிடர், மாருதி 800 ஆகிய இரண்டின் உற்பத்தியும் 2014-ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. ஆதலால் அவ்வகையில் மிக இளைய வண்டிகூட இன்று பழைய வண்டியே. குழாய், பம்ப், ரேடியேட்டர் ஆகிய மூன்றும் உண்மையிலேயே பழுதானவைதாம். ஆனால் அவை ஏன் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதாயின என்று எவரும் கேட்கவில்லை.

நீரின் வேலை

பெட்ரோல் எரிவதால் உண்டாகும் உஷ்ணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் சக்கரங்களைச் சுழற்றப் பயன்படுகிறது. மற்றொரு பெரும்பங்கு புகையுடன் வெளியேறிவிடுகிறது. எஞ்சியதை எஞ்சினைச் சூழ்ந்தோடும் நீர் ஏந்திச் சென்று ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுக்கவேண்டும். சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் உஷ்ணநிலை கணப்பொழுதுக்கு 2,000 டிகிரி சென்டிகிரேடையும் தாண்டுகிறது. அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். இரண்டுக்குமிடையே நிற்பது சில மில்லிமீட்டர் கனமுள்ள சுவரும், அதன் மறுபுறத்தில் ஓடும் நீருமே. நீர் ஓரளவுக்குமேல் குறைந்துவிட்டால், வேறொரு கேடும் சேர்கிறது. உஷ்ணமானியின் உணர்முனை நீரில் மூழ்கியிருக்கும் வரையில்தான் உண்மையைச் சொல்லும். வெற்றிடத்தில் நின்றுவிட்டால், எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும்போதே முள் தாழ்ந்து காட்டலாம். தடுப்பூசிப் பெட்டியை ஏற்றிக்கொண்டு சிற்றூருக்குச் செல்லும் களப்பணியாளர் ஒருவர், முள்ளை நம்பி மேலும் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டால், எஞ்சினின் தலைப்பகுதி வளைந்துவிடும். பழைய வண்டியில் அதைச் செப்பனிடும் செலவு வண்டியின் விலையையே எட்டிவிடுவதும் உண்டு.

கடல் மட்டத்தில் நீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே காற்றழுத்தம் குறைவு. திறந்த பாத்திரத்திலுள்ள நீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஓடும் எஞ்சினிலுள்ள நீரோ 90 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். எனவே ரேடியேட்டரின் மூடி வெறும் மூடியன்று. சமையலறைப் பிரஷர் குக்கரின் எடைக்குள்ள வேலையே அதிலுள்ள சுருள்வில்லுக்கும் உண்டு. 1679-ஆம் ஆண்டில் டெனிஸ் பாப்பன் எலும்பை வேகவைக்க அமைத்த கலத்தின் தத்துவமும் இதுவே. சதுர சென்டிமீட்டருக்கு 0.9 கிலோகிராம் அழுத்தம் தாங்கும் மூடி பெங்களூரில் நல்ல நிலையில் இருந்தால், வெறும் நீர்கூட ஏறக்குறைய 116 டிகிரி வரையில் கொதிக்காது.

இம்மூடியை எஞ்சின் சூடாக இருக்கும்போது திறக்கக்கூடாது என்பது அனைவரும் கேட்டதே. காரணத்தைக் கணக்கிட்டுக் காட்டினால் மாணவர் மனத்தில் நன்கு பதியும். 110 டிகிரியிலுள்ள ஒரு லிட்டர் நீரின்மீதுள்ள அழுத்தம் திடீரென்று நீங்கினால், அது 97 டிகிரிக்கு இறங்கவேண்டும். அந்த 13 டிகிரி உஷ்ணம் ஏறக்குறைய 24 கிராம் நீரை நொடியில் ஆவியாக்கும். 24 கிராம் நீராவி 40 லிட்டருக்கு மேற்பட்ட இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அவ்வளவும் ரேடியேட்டரின் குறுகிய கழுத்தின் வழியே, கொதிநீரையும் வாரிக்கொண்டு, திறந்தவரின் முகத்தில் பாயும். ஈரத்துணியை மூடிமேல் போட்டுத் திறக்கும் வழக்கம் இதற்குப் பாதுகாப்பாகாது. அரை மணிக்கு மேல் காத்திருந்து, மேல் குழாயைக் கையால் பிடித்து அது குளிர்ந்து தளர்ந்திருப்பதை அறிந்த பின்னரே மூடியைத் தொடவேண்டும்.

ஊற்றும் நீரே கெடுக்கிறது

குளிர்விக்கும் திரவமாக எத்திலீன் கிளைக்காலையும் காய்ச்சி வடித்த நீரையும் கலந்து, அதில் துருவைத் தடுக்கும் இரசாயனப் பொருள்களைச் சேர்த்துத் தயாரிப்பாளர் வழங்குகின்றனர். பனி பெய்யாத ஊரில் உறைதலைத் தடுக்கும் திரவம் எதற்கு என்று கேட்போர் பலர். உறைதலைத் தடுப்பது அதன் பணிகளுள் ஒன்றே; நம் நாட்டின் பெரும்பகுதிக்கு அதைவிட முக்கியமானது துருத் தடுப்பு. எஞ்சினுக்குள் வார்ப்பிரும்பு, அலுமினியம், எஃகு, பழைய ரேடியேட்டரானால் செம்பு, பித்தளை, ஈயப் பற்று ஆகிய உலோகங்கள் ஒரே திரவத்தில் நனைந்து நிற்கின்றன. வெவ்வேறு உலோகங்கள் உப்புக் கலந்த நீரில் ஒருங்கே நின்றால் அது ஒரு மின்கலமாகிவிடும் என்பதை எட்டாம் வகுப்பு மாணவனும் அறிவான். அக்கலத்தில் அரிக்கப்படுவது எஞ்சினே.

ஒரு செம்பு நீரை ஊற்றும்போது மூன்று காரியங்கள் நிகழ்கின்றன. எஞ்சியுள்ள துருத் தடுப்பு நீர்த்துப்போகிறது. நீரில் கரைந்துள்ள பிராணவாயு புதிதாக உள்ளே புகுகிறது. நீரிலுள்ள கால்சியம், மக்னீசியம் உப்புக்களும் உடன் புகுகின்றன. அடைபட்ட அமைப்பில் ஒரே நீர் நெடுநாள் சுற்றினால், அதிலுள்ள பிராணவாயு விரைவில் தீர்ந்து துருவும் மட்டுப்படும். நாள்தோறும் புதுநீர் ஊற்றினால் அது தீருவதேயில்லை. பெங்களூருக்குக் காவிரி நீர் 1974-ஆம் ஆண்டு முதல் வருகிறது. அதனுடன் கருங்கற் பாறையைத் துளைத்து எடுக்கும் ஆழ்குழாய்க் கிணற்று நீரும் புழங்குகிறது. 2024-ஆம் ஆண்டுக் கோடையில் நேர்ந்தது போன்ற தட்டுப்பாட்டுக் காலங்களில் லாரியில் வரும் நீரையே பலர் நம்பவேண்டியிருக்கிறது. ஆழ்குழாய் நீரைக் கொதிக்கவைத்த பாத்திரத்தின் அடியில் படியும் வெண்பொருக்கே எஞ்சினின் உட்சுவரிலும் படிகிறது. அப்பொருக்கு இரும்பைக் காட்டிலும் பல மடங்கு குறைவாகவே உஷ்ணத்தைக் கடத்தும். ரேடியேட்டரின் குழல்களில் அது படியும்போது நீரின் பாதை குறுகுகிறது, உஷ்ணம் ஏறுகிறது, அழுத்தமும் ஏறுகிறது. அழுத்தம் ஏறிய அமைப்பு தன்னிடமுள்ள வலுவற்ற இடத்தைத் தேடி உடைக்கிறது. அதை அடைத்தால் அடுத்த வலுவற்ற இடம் தன் முறைக்குக் காத்திருக்கும். ஆசிரியரின் வண்டியில் குழாயும் பம்ப்பும் ரேடியேட்டரும் வரிசையாகப் பழுதானதற்கு இது ஒரு காரணமாகலாம். ஒரே காரணம் இதுதான் என்று இன்னும் சொல்வதற்கில்லை.

முதற்கருவி குறிப்பேடு

பட்டறைக்குச் செல்லுமுன் ஒரு வாரம் குறிப்பேடு எழுதுதல் நலம். நாள்தோறும் காலையில், எஞ்சின் முற்றிலும் குளிர்ந்திருக்கையில், அளவுக் குவளையால் அளந்து நீரை அதன் குறிவரை நிரப்பவேண்டும். ஊற்றியது எத்தனை மில்லிலிட்டர், முந்தைய நாள் ஓடியது எத்தனை கிலோமீட்டர், வண்டி நின்றது எத்தனை மணி, பாதை எத்தகையது என்ற நான்கையும் எழுதவேண்டும். இதற்குச் செலவில்லை, ஆயினும் இதைச் செய்வோர் அரியர்.

வண்டி ஓடாத ஞாயிற்றுக்கிழமையிலும் நீர் குறைந்தால், கசிவு புறத்தே உள்ளது. தரையில் அடையாளம் கிடைக்கும். ஓடிய தொலைவுக்கேற்பக் குறைந்து, தரை உலர்ந்தே இருந்தால், நீர் சூடான உலோகத்தின்மேல் சொட்டி அவ்வப்போதே ஆவியாகிறது அல்லது எஞ்சினுக்குள்ளேயே செல்கிறது. தொலைவு குறைவாயினும், வீலர் சாலை நெரிசலில் ஊர்ந்த நாட்களில் மட்டும் மிகுதியாகக் குறைந்தால், காற்றாடியையும் மூடியையும் ஐயுறவேண்டும். ஏனெனில் வண்டி விரைந்து செல்கையில் எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது, ஊர்கையில் காற்றாடி ஒன்றே துணை.

தரையில் விரித்த தாளில், முன் சக்கரங்கள் நின்ற இடத்தைப் பென்சிலால் குறித்துவைத்தால், ஈரம் எஞ்சினின் எப்பகுதிக்குக் கீழ் விழுந்தது என்பது தெளிவாகும். நிறமும் வாடையுமற்ற தூய நீர், வண்டியின் குளிர்சாதனத்திலிருந்து சொட்டியதாகலாம், அது பழுதன்று. பச்சையோ செம்மையோ கலந்து, விரலில் வழுவழுப்பாக இருப்பது குளிர்விக்கும் திரவம். அதை நாவில் வைத்துப் பார்க்கும் தீய பழக்கம் சிலரிடம் உண்டு. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் நஞ்சு. சிறுநீரகத்தைக் கெடுத்து உயிருக்கே இறுதி விளைவிக்கும். தெருநாய் நக்கிவிடாதபடி தாளைக் காலையில் அப்புறப்படுத்துவதும், தரையைக் கழுவிவிடுவதும் அவசியம்.

கண்ணால் தேடும்போது ஈரத்தைவிட உலர்ந்த தடமே நம்பத்தக்கது. கசிந்த திரவம் உலர்ந்த இடத்தில் வெண்மையாகவோ பச்சையாகவோ துருநிறமாகவோ ஒரு பொருக்கு நிற்கும். குழாயின் பட்டைகளுக்கு அருகில், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும் உலோகமும் கூடும் விளிம்பில், நீர்ப் பம்ப்பின் அடியிலுள்ள சிறு துளையில் அதைத் தேடவேண்டும். அச்சிறு துளையைக் கண்டு சிலர் அதையே அடைத்துவிடுவதுண்டு. பம்ப்பின் உள் அடைப்பு தேய்ந்துவிட்டது என்று அறிவிப்பதற்காகவே தயாரிப்பாளர் அதை வைத்திருக்கின்றனர். அதை அடைத்தால் நீர் பேரிங்குக்குள் சென்று பம்ப்பையே முறித்துவிடும். எஞ்சின் வார்ப்பின் பக்கத்துளைகளை மூடும் மெல்லிய எஃகுக் கிண்ணங்கள் உட்புறத்திலிருந்து துருப்பிடித்து ஊசிமுனைத் துளை விழுவதும் பழைய வண்டிகளில் உண்டு. வெந்நீர்ச் சூடேற்றி உள்ள வண்டியில், முன் இருக்கைக் கால்விரிப்பு ஈரமாகி, முன்கண்ணாடியின் உட்புறத்தில் பிசுபிசுப்பான படலம் படிந்தால், கசிவு வண்டியின் உள்ளேயே இருக்கிறது.

அழுத்திப் பார்த்தல்

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டரின் கழுத்தில் மூடிக்குப் பதிலாகக் கைப்பம்ப்பும் அழுத்தமானியும் கூடிய கருவியைப் பொருத்தி, மூடியில் பொறித்த அளவுக்கு அழுத்தம் ஏற்றவேண்டும். அதற்குமேல் ஏற்றினால் நல்ல இடமும் உடையும். கால் மணி நேரம் முள் அசையாதிருந்தால் குளிர்நிலையில் கசிவில்லை என்று பொருள். ஆனால் அதோடு நிறுத்தலாகாது. சில இணைப்புக்கள் குளிரில் சுருங்கி ஒழுகிச் சூட்டில் விரிந்து அடைபடும். சில வெடிப்புக்கள் சூட்டில்தான் வாய் திறக்கும். ஆதலால் எஞ்சினைச் சூடாக்கி, மூடியைத் திறக்கத்தக்க அளவுக்கு ஆறவிட்டு, மீண்டும் ஒருமுறை சோதிப்பதே முறை. அதே கருவியில் மூடியையும் பொருத்திச் சோதிக்கலாம். சுருள்வில் தளர்ந்த மூடி, எங்குமே ஓட்டையில்லாத வண்டியிலிருந்தும் நாள்தோறும் நீரை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். இருப்பவற்றில் மிக மலிவான உறுப்பு அதுவே. பெரும்பாலும் கடைசியாகச் சந்தேகிக்கப்படுவதும் அதுவே.

முள் இறங்கியும் ஈரம் புலப்படாவிட்டால், சாயம் உதவும். புற ஊதா ஒளியில் மஞ்சட்பச்சையாக ஒளிரும் சாயத்தைத் திரவத்தில் கலந்து சில நாட்கள் ஓட்டி, இருளில் அவ்விளக்கைப் பிடித்துப் பார்த்தால் கசிந்த தடம் ஒளிரும். இம்முறைக்கு ஒரு முன்னோடி உண்டு. ஃபுளோரசீன் என்னும் சாயத்தை அடால்ஃப் ஃபான் பேயர் 1871-ஆம் ஆண்டில் உண்டாக்கினார். ஜெர்மனியில் தன்யூப் நதியின் நீர் ஓரிடத்தில் சுண்ணாம்புப் பாறைக்குள் மறைந்துபோவது நெடுங்காலமாக வழக்கில் இருந்த தகராறு. ஏறக்குறைய 12 கிலோமீட்டருக்கு அப்பால் ஊறும் ஆக் ஊற்றுக்கு அந்நீர் செல்கிறதா என்பது கேள்வி. 1877-ஆம் ஆண்டில் 10 கிலோகிராம் சாயத்தை நதியில் கொட்டினர். சுமார் 60 மணி நேரத்தில் ஆக் ஊற்று பச்சையாக ஒளிர்ந்தது. ஒரு நதியின் கசிவைக் கண்டுபிடித்த உபாயமே இன்று பட்டறையில் சிறு புட்டியில் விற்கிறது.

குளிர்ந்த எஞ்சினில் ஏறும் அழுத்தம்

ஆசிரியரின் வண்டிக்குத் திரும்புவோம். அவர் குறிப்பேட்டின்படி, வண்டி நின்ற நாட்களில் நீர் மிகச் சிறிதளவே குறைந்தது. ஓடிய நாட்களில் தொலைவுக்கேற்பக் குறைந்தது. குளிர்நிலைச் சோதனையில் முள் மிக மெதுவாக இறங்கியது. மூடி சரியாக இருந்தது. பின்னர் ஒரு காலையில் எஞ்சினைக் கிளப்பிய இரண்டாவது நிமிடத்தில் அவர் மேல் குழாயைப் பிடித்துப் பார்க்கிறார். குழாய் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது. ஆனால் கல்போல் விறைத்திருக்கிறது.

இவ்விரண்டையும் சேர்த்து நோக்கவேண்டும். நீர் சூடேறி விரிவதால் அழுத்தம் உண்டாவது இயல்பு. நீர் இன்னும் சூடேறவில்லை, அழுத்தமோ ஏறிவிட்டது. அப்படியானால் அழுத்தம் வேறெங்கிருந்தோ வருகிறது. எஞ்சினில் அதற்குரிய இடம் ஒன்றே: சிலிண்டர். எரிந்த வாயு, எஞ்சின் உடலுக்கும் தலைக்கும் இடையிலுள்ள ஹெட் கேஸ்கட்டைக் கடந்து நீர்ப்பாதைக்குள் புகுந்துகொண்டிருக்கிறது. குழாயை வெடிக்கச் செய்ததும், நைந்த பம்ப் அடைப்பைத் தள்ளியதும், ரேடியேட்டரின் குழல்களை விரித்ததும் அதுவே.

கேஸ்கட் இவ்வாறு தளர்வதற்கு, பழைய எஞ்சின்கள் பலவற்றில் உடல் வார்ப்பிரும்பாகவும் தலை அலுமினியமாகவும் இருப்பதும் ஒரு காரணம். அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரியும். 40 சென்டிமீட்டர் நீளமுள்ள தலை 70 டிகிரி சூடேறினால், அதன் கீழுள்ள இரும்பைவிட 0.3 மில்லிமீட்டர் அதிகமாக நீள முயலும். ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் நிறுத்தும்போதும் கேஸ்கட் அந்த இழுபறியில் தேய்கிறது. ஒரே ஒரு முறை எஞ்சின் மிகுதியாகக் கொதித்திருந்தாலும் தலை வளைந்திருக்கக்கூடும். சனவரியில் குழாய் வெடித்த அன்று எத்தனை தூரம் வண்டியை ஓட்டினார் என்று ஆசிரியரைக் கேட்பது பயன்தரும்.

ஊகத்தை உறுதி செய்ய எளிய இரசாயனச் சோதனை இருக்கிறது. எரிந்த வாயுவில் கரியமிலவாயு மிகுதி. ரேடியேட்டரின் நீர்மட்டத்தைச் சிறிது தாழ்த்தி, எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் கிளப்பி, நீருக்கு மேலுள்ள காற்றை ரப்பர்க் குமிழால் உறிஞ்சி, புரோமோதைமால் நீலம் கலந்த திரவத்தின் வழியே குமிழியிடச் செய்யவேண்டும். நீலம் மஞ்சளானால் ஐயமில்லை. பள்ளி ஆய்வுக்கூடத்தில் இதே நீலத்தில் மாணவன் உறிஞ்சுகுழலால் ஊதி மஞ்சளாக்கிக் காட்டலாம்; பட்டறைக்குப் போகாமலே தத்துவம் விளங்கும். வெண்புகை, எண்ணெயில் பால்போன்ற நுரை ஆகியவையும் கேஸ்கட் பழுதின் அடையாளங்களே. ஆனால் அவை பெரும்பாலும் நோய் முற்றிய பின்னர் தோன்றுகின்றன. குளிர்காலக் காலையில் புகைக்குழாயிலிருந்து சற்றுநேரம் வரும் வெண்ணிற ஆவி இயல்பானதே.

செப்பனிடும்போது கேஸ்கட்டை மட்டும் மாற்றுவது போதாது. தலையின் அடிப்பரப்பில் நேர்விளிம்புக் கோலை வைத்து, மென்தகடுகளால் இடைவெளியை அளக்கவேண்டும். சில சிறிய எஞ்சின்களுக்கு 0.05 மில்லிமீட்டரே அனுமதிக்கத்தக்க எல்லை. அதைக் கடந்திருந்தால் பரப்பைச் சீவிச் சமமாக்கவேண்டும். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிநோக்கி, தயாரிப்பாளர் கூறிய வரிசையிலும் முறுக்கு விசையிலும் படிப்படியாக இறுக்கவேண்டும். கைப்பழக்கத்தை இவ்விடத்தில் நம்பலாகாது.

மஞ்சள் பொடி வைத்தியத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். ரேடியேட்டர் ஒழுகினால் ஒரு பிடி மஞ்சள் பொடியைப் போடுவது நம் நாட்டு ஓட்டுநர்களின் பழைய கைவைத்தியம். ஆளற்ற சாலையில் இரவில் நின்றுபோன வண்டியை அடுத்த ஊர் வரையில் கொண்டுசேர்க்க அது உதவியிருக்கலாம். அதற்காக அதை இகழவேண்டியதில்லை. ஆனால் பொடிக்கு ஓட்டை எது, நீர்ப்பாதை எது என்று தெரியாது. கடையில் விற்கும் கசிவடைப்பான்கள் பலவற்றுக்கும் இக்குறை உண்டு. ஊரை அடைந்தபின் முழுவதையும் வடித்துக் கழுவிவிடவேண்டும். நம் நாட்டு வெயிலுக்குத் தேவையில்லை என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பட்டறை வழக்கம் இதைவிடத் தீயது. எஞ்சின் உரிய சூட்டை எட்டாமலே ஓடி, எரிபொருளும் தேய்மானமும் மிகும்; உண்மையான பழுது மறைந்தும் கிடக்கும்.

பழுது நீங்கிய பின்னர்ப் பழைய திரவத்தை அடியோடு வடித்து, வெளிவரும் நீர் தெளியும் வரையில் உள்ளே கழுவி, தயாரிப்பாளர் குறித்த திரவத்தை நிரப்பவேண்டும். வெவ்வேறு வகைத் திரவங்களை நிறத்தை மட்டும் பார்த்துக் கலத்தல் கூடாது. கலவை செய்ய வேண்டுமாயின் காய்ச்சி வடித்த நீரே ஏற்றது. நிரப்புகையில் உள்ளே காற்று தங்கினால் அதுவே ஓரிடத்தைக் கொதிக்கவைக்கும். ஆதலால் சூடேற்றி இருந்தால் அதைத் திறந்துவைத்து எஞ்சினை ஓட்டி, குமிழிகள் நின்றபின் மூடவேண்டும். அடுத்த மூன்று காலைகளிலும், எஞ்சின் குளிர்ந்த நிலையில், குறிப்பேட்டை மீண்டும் எழுதவேண்டும். வடித்த பழைய திரவத்தைத் தெருச் சாக்கடையில் ஊற்றாமல், மூடியுள்ள புட்டியில் அடைத்து, நஞ்சு என்று எழுதி ஒட்டி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்து, கழிவைப் பெற்றுக்கொள்ளும் பட்டறையில் ஒப்படைக்கவேண்டும்.